ஊர் பேரு, மலை பேரு, ஆத்து பேரு மாத்தணும்னா எங்க போய் நிக்கணும்?

ஒரு இடத்தோட பேர மாத்தணும்னு தோணுச்சுன்னா எல்லாரும் முதல்ல பண்றது, ஆன்லைன்ல ஒரு பெட்டிஷன் போட்டு கையெழுத்து சேக்கறது. அத கடைசில வச்சுக்கங்க. ஆயிரக்கணக்குல கையெழுத்து வாங்கிட்டு தப்பான ஆஃபீஸ்ல கொண்டு போய் குடுத்தா "இது எங்க வேலை இல்ல"ன்னு ஒரே வரில பதில் வரும், அந்த ஒரு வரி வர்றதுக்கே மாசக்கணக்குல ஆகும். இதுல பாதி வேலை எந்த மேஜைக்கு அதிகாரம் இருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான். மீதி பாதி, நீங்க கேக்கற பேரு ஏற்கனவே ஜனங்க வாயில புழங்குதுன்னு காட்டறது. பேர் வைக்கற போர்டுங்க புதுசா பேர் யோசிச்சு குடுக்கறதுக்காக உக்காந்திருக்கறது இல்ல, ஏற்கனவே இருக்கற பேர பதிவு பண்றதுக்குத்தான் இருக்கு. இந்த ஒண்ணு புரிஞ்சா அப்ளிகேஷன் எழுதற விதமே மாறிடும்.

சரி, முதல் கேள்வி. நீங்க மாத்த நினைக்கறது என்ன? மலை, ஆறு, ஏரி மாதிரி இயற்கையா இருக்கறதா, இல்ல ஊரா, தெருவா, ரயில்வே ஸ்டேஷனா, மாநிலமா? ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மேஜை. அமெரிக்காவுல போர்டு ஆன் ஜியாக்ரஃபிக் நேம்ஸ்னு ஒண்ணு இருக்கு, 1890ல ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் ஆரம்பிச்சு வச்சது, இப்ப இருக்கற வடிவம் 1947ல வந்த சட்டத்தால. மலை, ஆறு, பள்ளத்தாக்கு எல்லாம் அவங்க பாப்பாங்க, தெரு பேரு, கட்டடத்து பேரெல்லாம் பாக்க மாட்டாங்க, தெருன்னா அந்த ஊர் நிர்வாகத்துக்கிட்டதான் போகணும். பிரிட்டன்லயும் தெரு பேரு லோக்கல் கவுன்சில் கையிலதான்.

இந்தியாவுல ஊர், டவுன், சிட்டி பேருன்னா மாநில அரசு ஆரம்பிச்சு வைக்கணும், மத்திய உள்துறை அமைச்சகம் ஆட்சேபணை இல்லன்னு சொல்லணும். அதுக்கு முன்னாடி அவங்க ரயில்வே, தபால் துறை, சர்வே ஆஃப் இந்தியா இவங்கள எல்லாம் கேப்பாங்க, இதே பேர்ல வேற ஊர் உங்க ரெக்கார்டுல இருக்கான்னு. ரயில்வே ஸ்டேஷன் பேருக்கும் அந்த ஸ்டேஷன்ல போய் மனு குடுத்து பிரயோஜனம் இல்ல, மாநில அரசு வழியா உள்துறைக்கு போய்த்தான் வரணும். மாநிலத்தோட பேரே மாறணும்னா சமாச்சாரம் வேற, அரசியல் சட்டத்தோட 3வது பிரிவுல பார்லிமெண்ட் சட்டம் போடணும், சாதாரண பெரும்பான்மை போதும். மெட்ராஸ் ஸ்டேட் தமிழ்நாடு ஆனது அப்படித்தான், சட்டசபைல தீர்மானம் 1967 ஜூலை 18, நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. சட்டசபைல ஒருத்தர் கூட எதிர்க்காத விஷயத்துக்கே ஒண்ணரை வருஷம் ஆச்சு, அத ஒரு அளவுகோலா மனசுல வச்சுக்கங்க.

நாட்டோட பேரு? அத மாத்தறதுக்கு ஐநா சபை அனுமதி வேணும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. நாடு தானே முடிவு பண்ணிட்டு ஐநாவுக்கு ஒரு லெட்டர் போடும், அவ்வளவுதான். 2022 ஜூன்ல துருக்கி "இனிமே எல்லா மொழிலயும் எங்கள துர்கியேன்னு எழுதுங்க"ன்னு லெட்டர் போட்டுச்சு, ஐநா ரெக்கார்ட மாத்திடுச்சு. 2018ல ஸ்வாசிலாந்து எஸ்வாத்தினி ஆனப்பவும் ராஜா அறிவிச்சார், மாறிச்சு. பக்கத்து நாட்டுக்காரன் சண்டை போட்டாத்தான் கஷ்டம், கிரீஸ் கூட மாசிடோனியாவுக்கு இருந்த தகராறு 2018ல ஒப்பந்தம் போட்டு 2019ல வடக்கு மாசிடோனியான்னு முடிஞ்சுது. ஐநாவுல புவியியல் பேருக்குன்னே ஒரு நிபுணர் குழு இருக்கு, ஆனா அது உங்க மனுவ வாங்காது. 1967ல ஜெனீவால நடந்த மாநாட்டுலயே ஒவ்வொரு நாடும் தனக்குன்னு ஒரு பேர் அதிகார அமைப்பு வச்சுக்கங்க, அது சொல்றத மத்தவங்க ஏத்துக்கட்டும்னு சொல்லிட்டாங்க. அதனால எல்லா கேள்விக்கும் பதில் உங்க நாட்டுக்குள்ளதான். (ஆழ்கடல் மலைக்கு பேர் வைக்கணும்னு ஆசைப்பட்டா மட்டும் கடலடிக்கு மேப் போடற ஜெப்கோங்கற அமைப்போட சப் கமிட்டி, நிலாவுல இருக்கற பள்ளத்துக்குன்னா சர்வதேச வானியல் சங்கம். அங்கயும் ஃபார்ம் இருக்கு, ரூல்ஸ் இருக்கு, தப்பிக்க முடியாது.)

மேஜை தெரிஞ்சாச்சு. அடுத்து உடனே ஃபார்ம எடுக்காதீங்க, இப்ப இருக்கற பேரு உண்மையிலயே அதிகாரபூர்வமானதான்னு பாருங்க. சிரிக்காதீங்க, நியூசிலாந்துல நூறு வருஷத்துக்கு மேல எல்லா மேப்லயும் நார்த் ஐலண்ட், சவுத் ஐலண்ட்னு போட்டுட்டு இருந்தாங்க, 2009 வாக்குல அந்த நாட்டு பேர் வைக்கற போர்டு நோண்டி பாத்தா அந்த ரெண்டு தீவுக்கும் முறைப்படி யாருமே பேர் வைக்கவே இல்ல. 2013ல தான் அந்த ரெண்டு பேரும் சட்டப்படி வந்துச்சு, கூடவே தே இகா அ மாவி, தே வைபொனமுன்னு அங்கத்த பூர்வகுடிகளோட மாவோரி மொழி பேரும் சேத்து வச்சாங்க, யாருக்கு எது பிடிக்குதோ அத சொல்லிக்கலாம். இதுல உங்களுக்கு என்ன லாபம்னா, இருக்கற பேரு பதிவாகாததா இருந்தா நீங்க கேக்கறது "பேர் மாற்றம்" இல்ல, "பேர் பதிவு", அது எவ்வளவோ சுலபம். அதே மாதிரி பதிவுல ஒரு ஸ்பெல்லிங், ஊர்ல இருக்கற போர்டுல ஒரு ஸ்பெல்லிங்னு இருந்தா அது "திருத்தம்", அதுக்கு சில இடத்துல பொதுமக்கள் கருத்து கேக்கற கட்டமே தேவைப்படாது. அமெரிக்காவுல ஜிஎன்ஐஎஸ்னு ஒரு டேட்டாபேஸ், யார் வேணா தேடலாம், மத்த நாட்டுலயும் கெஜட்டியர்னு இடப்பேர் பட்டியல் ஏதாவது ஒண்ணு இருக்கும். அதுல உங்க இடத்த தேடி, பேரு, எந்த வருஷம் முடிவாச்சு, வேற என்ன பேரெல்லாம் பதிவுல இருக்கு, இத மூணையும் எழுதி வச்சுக்கங்க. கூகுள் மேப்ல இருக்கறத ஆதாரமா எடுத்துட்டு போகாதீங்க, அது யாரோட முடிவும் இல்ல.

இப்ப என்ன கேக்கப் போறோம்னு முடிவு பண்ணணும். முழுசா எடுத்துட்டு புதுசு வைக்கறது ஒரு வழி, ரெண்டு பேரையும் சேத்து வைக்கறது இன்னொரு வழி, இந்த ரெண்டாவது வழிய நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. ஆஸ்திரேலியாவுல நடுப் பாலைவனத்துல இருக்கற அந்த பெரிய செம்பாறை, 1873ல வெள்ளைக்காரங்க ஏயர்ஸ் ராக்னு பேர் வச்சது, ஆனா அங்க இருக்கற அனாங்கு ஜனங்களுக்கு அது எப்பவுமே உலுரு. 1993ல "ஏயர்ஸ் ராக் / உலுரு"ன்னு ரெண்டையும் சேத்தாங்க. 2002ல அதையே திருப்பி "உலுரு / ஏயர்ஸ் ராக்"னு போட்டாங்க. இப்ப யாரு ஏயர்ஸ் ராக்னு சொல்றா? ஒன்பது வருஷத்துல ரெண்டே ரெண்டு அடி எடுத்து வச்சாங்க, மீதிய ஜனங்களே பாத்துக்கிட்டாங்க. நியூசிலாந்தோட உயரமான மலையும் 1998ல இருந்து அவோராகி / மவுண்ட் குக்தான். என்னோட கருத்து, எதிர்ப்பு பலமா இருக்கும்னு தெரிஞ்சா ரெட்டை பேர் கேளுங்க, பழைய பேர்ல பிறந்து வளந்தவனுக்கும் ஒரு இடம் இருக்கு, புது பேரும் மேப்ல ஏறிடுது. ஆனா இழிவான பேர மாத்தற கேஸ்ல இது செல்லாது, ஒரு இனத்தையோ ஜாதியையோ திட்டற வார்த்தை பேர்ல இருக்கும்போது அதுக்கும் ஒரு இடம் குடுங்கன்னு கேக்கறது அபத்தம்.

அந்த மாதிரி இழிவு பேருக்கு சில நாட்டுல தனி பாதையே உண்டு. அமெரிக்காவுல 1963ல கறுப்பினத்தவங்கள கேவலமா சொல்ற ஒரு வார்த்தைய எல்லா இடப்பேர்ல இருந்தும் ஒரே உத்தரவுல எடுத்தாங்க, 1974ல ஜப்பான்காரங்கள சொல்ற ஒண்ணு, அப்புறம் 2021 நவம்பர்ல பூர்வகுடி பெண்கள இழிவு பண்ற ஒரு வார்த்தைய தடை பண்ணி உள்துறை செயலர் உத்தரவு போட்டு, 2022 செப்டம்பர்ல கிட்டத்தட்ட 650 இடத்துக்கு புது பேர் வந்துச்சு. அதனால உங்க இடம் ஏற்கனவே இருக்கற ஒரு பொது உத்தரவுக்குள்ள வருதான்னு முதல்ல பாருங்க, வந்துச்சுன்னா நீங்க தனியா போராடவே வேணாம்.

அடுத்தது ரூல்ஸ். இங்கதான் பாதி அப்ளிகேஷன் செத்துப் போகுது. ரொம்ப பொதுவான ரூல், உயிரோட இருக்கறவங்க பேர வைக்க கூடாது. அமெரிக்க போர்டு ஒருத்தர் இறந்து குறைஞ்சது 5 வருஷம் ஆகியிருக்கணும்னு சொல்லும், அதோட அவருக்கும் அந்த இடத்துக்கும் நேரடி தொடர்பு இருக்கணும், இல்லன்னா நாட்டளவுல பெரிய பங்களிப்பு இருக்கணும். நிலாவுல பேர் வைக்கணும்னா கூட இறந்து 3 வருஷம் ஆகணும். எதுக்குன்னா, ஒருத்தர் இறந்த வாரத்துல எல்லாருக்கும் அழுகை வரும், அஞ்சு வருஷம் கழிச்சும் யாராவது அவருக்காக ஃபார்ம் ஃபில் பண்றாங்களான்னு பாக்கறது நல்ல வடிகட்டிதான். மக்கள் நடமாட்டமே கூடாதுன்னு ஒதுக்கி வச்ச காட்டுப் பகுதில பேர் இல்லாத சிகரத்துக்கு புதுசா பேர் வைக்கவும் அவங்க பொதுவா ஒத்துக்க மாட்டாங்க, பேர் இல்லாம இருக்கறதும் அந்த காட்டோட ஒரு அம்சம்னு சொல்வாங்க, எனக்கு இந்த ரூல் ரொம்ப பிடிக்கும்.

இந்தியாவுல 1953ல உள்துறை அனுப்பின ஒரு சர்க்குலர்தான் இன்னைக்கும் அடிப்படை. ஜனங்க பழகின பேர, ரொம்ப முக்கியமான காரணம் இல்லாம மாத்தாதீங்க, சரித்திரத்தோட பிணைஞ்ச பேர தொடாதீங்க, வெறும் லோக்கல் பெருமைக்காகவோ மொழி காரணத்துக்காகவோ மாத்தாதீங்க, புது பேர்ல பக்கத்துல இன்னொரு ஊர் இருந்து குழப்பம் வரக் கூடாது, இதெல்லாம் அதுல இருக்கு. படிச்சா சிரிப்பு வரும், ஏன்னா அதுக்கப்புறம் நடந்த பெரிய பேர் மாற்றம் நிறைய இதுல ஏதாவது ஒண்ணுல இடிக்கும். ஆனா உங்க சின்ன ஊர் ஃபைல திருப்பி அனுப்பணும்னா இதே ரூல் கரெக்டா ஞாபகத்துக்கு வரும், அதனால கடைசி ரூல், அதாவது அதே பேர்ல வேற ஊர் இருக்கான்னு நீங்களே தேடி, இல்லன்னு ஒரு வரி எழுதி சேத்துடுங்க.

இன்னொரு சின்ன ரூல், எழுத்து சம்பந்தப்பட்டது. அமெரிக்க போர்டுக்கு ஒருத்தரோட உடமைய காட்டற அந்த மேல் காற்புள்ளி பிடிக்காது, ஆரம்பத்துல இருந்தே தூக்கிடுவாங்க, நூத்தி முப்பது வருஷத்துல அஞ்சே அஞ்சு இடத்துக்குத்தான் விதிவிலக்கு குடுத்திருக்காங்க, அதுல முதல்ல வாங்குனது 1933ல மார்த்தாஸ் வைன்யார்ட் தீவு. அதனால அழகா இருக்குன்னு குறியீடெல்லாம் போட்டு அனுப்பாதீங்க, அந்த போர்டோட எழுத்து விதிய படிச்சுட்டு எழுதுங்க.

இனிமே ஆதாரம். இதுக்குத்தான் அதிக நேரம் செலவு பண்ணணும், ஃபார்முக்கு இல்ல. நீங்க நிரூபிக்க வேண்டியது "இந்த பேர் அழகா இருக்கு"ங்கறது இல்ல, "இந்த பேர ஜனங்க சொல்றாங்க, ரொம்ப நாளா சொல்றாங்க"ங்கறது. பழைய சர்வே மேப், நில ஆவணம், கோவில் இல்ல சர்ச் ரெஜிஸ்டர், பழைய நியூஸ்பேப்பர், ஸ்கூல் அட்மிஷன் புக், பஸ் போர்டு போட்டோ, கல்வெட்டு இருந்தா கல்வெட்டு. எல்லாத்துலயும் வருஷம் தெரியற மாதிரி காப்பி எடுங்க, வருஷம் இல்லாத காகிதத்துக்கு மதிப்பு பாதி. எழுத்துல இல்லாத பேர்னா வயசானவங்கள உக்கார வச்சு ஆடியோ ரெக்கார்ட் பண்ணுங்க, யாரு பேசறாங்க, எந்த வருஷத்துல இருந்து அங்க இருக்காங்க, அந்த பேரு எந்த எடத்துல ஆரம்பிச்சு எந்த எடம் வரைக்கும், இத கேளுங்க. இந்த கடைசி கேள்வி முக்கியம். ஒரு ஆத்துக்கு மேல்பக்கம் ஒரு பேரு, கீழ்பக்கம் ஒரு பேரு இருக்கறது சகஜம், நீங்க மொத்த ஆத்துக்கும் ஒரே பேர் கேட்டுட்டு வந்தா கீழ்பக்கத்துக்காரங்க எதிர்ப்பு மனுவோட நிப்பாங்க. மலைன்னா சிகரம் மட்டுமா, மொத்த தொடருமா, மேப்ல கோடு போட்டு காட்டி, அட்சரேகை தீர்க்கரேகை நம்பரும் குடுத்துடுங்க.

லோக்கல் பேர தேடாம போனா என்ன ஆகும்ங்கறதுக்கு உலகத்தோட உயரமான மலையே சாட்சி. 1856ல சர்வே ஆஃப் இந்தியால இருந்த ஆண்ட்ரூ வா, இதுக்கு எல்லாரும் ஒத்துக்கற ஒரு உள்ளூர் பேர் கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லி தனக்கு முன்னாடி இருந்த அதிகாரி ஜார்ஜ் எவரெஸ்ட் பேர வைக்கலாம்னார். திபெத் பக்கம் சோமோலுங்மான்னு பேர் இருந்துட்டுதான் இருந்துச்சு. இதுல வேடிக்கை, எவரெஸ்ட்டே வேணாம்னார், இந்த பேர இந்தியில எழுத முடியாது, இங்க இருக்கற ஜனங்க வாயில நுழையாதுன்னு சொன்னார், யாரும் கேக்கல, 1865ல ராயல் ஜியாக்ரஃபிக்கல் சொசைட்டி ஒத்துக்கிட்டு பேர் நின்னுடுச்சு. உள்ளூர் பேர் தெரியலன்னு எழுதறதுக்கு முன்னாடி அந்த மலையோட ரெண்டு பக்கமும் போய் கேளுங்க, அவ்வளவுதான் சொல்ல வர்றேன்.

ஃபார்ம் எழுதும்போது உணர்ச்சிவசப்படாம சுருக்கமா எழுதுங்க. இப்ப இருக்கற பேரு, கேக்கற பேரு, அதோட அர்த்தம், எந்த மொழி, எப்படி உச்சரிக்கணும், ஏன் மாத்தணும், ஆதாரம், யாரெல்லாம் ஆதரிக்கறாங்க, இவ்வளவு போதும். உச்சரிப்ப விடாதீங்க, கமிட்டில உக்காந்திருக்கறவங்களுக்கு படிக்க வரலன்னா அந்த பேருக்கே ஒரு மனத்தடை வந்துடும். மொழி விஷயத்துல மேற்கு வங்காளம் பட்ட பாட்ட பாருங்க, 2016ல பெங்காலில பாங்ளா, இங்கிலீஷ்ல பெங்கால், இந்தியில பங்கால்னு மூணு மொழிக்கு மூணு பேர் கேட்டாங்க, டெல்லி ஒத்துக்கல, திரும்ப 2018 ஜூலைல மூணு மொழிலயும் பாங்ளான்னே வச்சு சட்டசபைல தீர்மானம் போட்டு அனுப்பினாங்க, வருஷக்கணக்கா அப்படியே நிக்குது. ஒரு இடத்துக்கு ஒரு பேரு, எல்லா மொழிலயும் அதே ஒலின்னு முதல்லயே கேக்கறது புத்திசாலித்தனம்.

ஸ்பெல்லிங் மாத்தறது சின்ன வேலைன்னு யாராவது நினைச்சா 2020 ஜூன்ல தமிழ்நாட்டுல நடந்தத ஞாபகப்படுத்துங்க. 1,018 ஊரோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி அரசாணை வந்துச்சு, எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனா கோயம்புத்தூருக்கு 10 எழுத்து இருந்தது 14 எழுத்தாச்சு, வேலூர் ஸ்பெல்லிங்க படிச்சா வீலூர்னு வந்துச்சு, நெட்டு முழுக்க கலாய்ச்சு தள்ளினாங்க, ரொம்ப நாள் தாங்கல, அதே மாசமே அரசாணை வாபஸ். ஒலிபெயர்ப்புக்கு முதல்ல ஒரு முறைய முடிவு பண்ணி, எந்த எழுத்துக்கு எந்த எழுத்துன்னு அட்டவணை போட்டு, அந்த ஊர்க்காரங்ககிட்ட படிக்க குடுத்து பாத்துட்டு அப்புறம் கையெழுத்து போட்டிருக்கணும். உங்க பேருக்கும் இத பண்ணுங்க, கேக்கற ஸ்பெல்லிங்க ஒரு பேப்பர்ல எழுதி சம்பந்தமே இல்லாத பத்து பேர்கிட்ட குடுத்து வாசிக்க சொல்லுங்க, எட்டு பேர் சரியா வாசிச்சா அனுப்புங்க.

மனு போனதுக்கு அப்புறம் கருத்து கேக்கற கட்டம். நியூசிலாந்துல போர்டு விளம்பரம் குடுத்து குறைஞ்சது ஒரு மாசம் டைம் குடுக்கும், யார் வேணா ஆதரிக்கலாம் எதிர்க்கலாம், வந்த எதிர்ப்ப போர்டு ஏத்துக்கலன்னா கடைசி முடிவு மினிஸ்டர் கையில. அமெரிக்காவுல லோக்கல் கவுண்ட்டி, மாநில பேர் கமிட்டி, பூர்வகுடி அரசுகள், அந்த நிலத்த பாத்துக்கற துறை எல்லாருக்கும் எழுதி கேட்டுட்டு அப்புறம் ஓட்டுக்கு விடுவாங்க. இதுல யாராவது ஒருத்தர கேக்காம விட்டா நின்னுடும். கொலராடோல மவுண்ட் எவான்ஸ மவுண்ட் ப்ளூ ஸ்கைன்னு மாத்தற ஃபைல், 2023 மார்ச்சுல ஓட்டுக்கு வர்ற நேரத்துல வடக்கு செயேன் பழங்குடியினர் எங்கள முறைப்படி கேக்கலன்னு கை தூக்க, தள்ளிப்போய் செப்டம்பர்லதான் முடிஞ்சுது. அதனால போர்டு கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே போய் எல்லாரையும் பாத்துடுங்க, குறிப்பா எதிர்ப்பாங்கன்னு நினைக்கறவங்கள. அவங்க பெரும்பாலும் சொல்றது செலவு, பேர் பலகை மாத்தணும், லெட்டர்ஹெட் மாத்தணும், கடை பேர் மாத்தணும்னு. அதுக்கு பதிலா "ஒரே நாள்ல மாத்த வேணாம், பழசு தீர்ந்ததும் புதுசு"ன்னு ஒரு இடைக்காலம் கேளுங்க, பாதி கோவம் அடங்கிடும்.

ஊரே சேந்து ஓட்டு போடற கதைக்கு ரெண்டு உதாரணம் சொல்லணும், ரெண்டும் கனடா. 1916ல உலகப்போர் நடந்துட்டு இருந்த நேரம், ஒண்டாரியோல பெர்லின்னு ஒரு ஊர், பேர் மாத்தணுமான்னு ஓட்டெடுப்பு வச்சாங்க, 1,569 பேர் மாத்தலாம், 1,488 பேர் வேணாம். 81 ஓட்டு வித்தியாசம். சரி என்ன பேர் வைக்கலாம்னு அடுத்த ஓட்டெடுப்பு வச்சா மொத்தமே 892 பேர்தான் வந்தாங்க, அதுல 346 ஓட்டு வாங்கின கிச்சனர் ஜெயிச்சுது, இன்னைக்கும் அதான் பேரு. அதாவது மூவாயிரம் பேர் ஓட்டு போட்ட ஊர்ல 346 பேர் வச்ச பேரு. ரெண்டாவது கியூபெக்ல ஆஸ்பெஸ்டாஸ்னு ஒரு டவுன், சுரங்கத்தோட பேரே ஊர் பேரு, அது உயிர கொல்ற தாதுன்னு உலகத்துக்கே தெரிஞ்சப்புறம் வெளிய போய் பேர் சொல்லவே தர்மசங்கடம். 2020ல நிர்வாகம் நாலு பேர லிஸ்ட் போட்டு இதுல எடுங்கன்னுச்சு, அதுல ஒண்ணு ஆமை இனத்தோட பேரு, ஜனங்க கொதிச்சுட்டாங்க. லிஸ்ட்ட ஆறா ஆக்கி, 14 வயசு பசங்களையும் ஓட்டு போட விட்டு, விருப்ப வரிசைப்படி எண்ணி, மூணாவது சுத்துல 51.5 சதவீதத்தோட வால்-தே-சூர்ஸ் ஜெயிச்சுது. இருக்கற பேர் வேணாம்னு சொல்றதுக்கு ஆள் கிடைப்பாங்க, புது பேர்ல ஒத்துப் போறதுதான் கஷ்டம், அதனால லிஸ்ட் போடற வேலையே ஜனங்ககிட்ட விடுங்க, மேல இருந்து குடுக்காதீங்க.

அப்புறம் அரசியல். சில சமயம் உங்க பக்கம் எல்லாம் சரியா இருந்தும் ஃபைல் நகராது. அலாஸ்கால இருக்கற தெனாலி மலைக்கு 1917ல மெக்கின்லின்னு பேர் முடிவாச்சு, மெக்கின்லி அந்த பக்கமே போகாத ஜனாதிபதி. 1975லயே அலாஸ்கா மாநிலம் தெனாலின்னு மாத்தி, மத்திய போர்டயும் மாத்த சொல்லி கேட்டுச்சு. மெக்கின்லியோட சொந்த மாநிலம் ஒஹையோல இருந்து ஒரு எம்பி, பேர மாத்த கூடாதுன்னு திரும்பத் திரும்ப மசோதா போட்டுட்டே இருந்தார், ஏன்னா காங்கிரஸ்ல ஒரு பேர் பத்தி மசோதா இருந்தா போர்டு அத தொடாதுன்னு ஒரு பழக்கம். நாப்பது வருஷம்! கடைசில 2015ல, போர்டு நியாயமான காலத்துக்குள்ள முடிவெடுக்கலன்னா உள்துறை செயலரே முடிவெடுக்கலாம்னு 1947 சட்டத்துல இருந்த ஒரு வரிய பிடிச்சு மாத்தினாங்க. 2025 ஜனவரில ஜனாதிபதி உத்தரவு போட்டு மறுபடி மெக்கின்லி. அலாஸ்காக்காரங்க வாயில என்ன பேர் இருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கஜகஸ்தான் தலைநகரமும் இப்படித்தான், 2019ல அஸ்தானா நூர்சுல்தான் ஆச்சு, 2022ல திரும்ப அஸ்தானா ஆயிடுச்சு. பாடம் என்னன்னா உங்க நாட்டு சட்டத்த முழுசா படிங்க, போர்டு தூங்கினா வேற யாருக்கு அதிகாரம்னு ஒரு வரி எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்.

நிராகரிச்சுட்டா? காரணத்த எழுத்துல வாங்குங்க. ஆதாரம் பத்தலன்னா சேத்து திரும்ப போடலாம், பெரும்பாலான இடத்துல புது ஆதாரம் இருந்தா மறுபடி எடுத்துப்பாங்க. நியூசிலாந்துல வாங்கனுயின்னு எழுதிட்டு இருந்த ஊருக்கு மாவோரி மொழில ஒரு ஹெச் விட்டுப் போச்சு, அத சேத்தாத்தான் பேருக்கு அர்த்தமே வரும். அதே பேர் இருக்கற ஆத்துக்கு 1991லயே ஹெச் வந்துடுச்சு. ஊருக்கு வாக்கெடுப்புல பெரும்பான்மை வேணாம்னுடுச்சு, 2009ல போர்டு ஹெச் வேணும்னுச்சு, மினிஸ்டர் ரெண்டும் செல்லும்னு நடுவுல நின்னார், மாவட்டத்தோட பேர்ல ஹெச் வர 2015 ஆச்சு. ஒரே ஒரு எழுத்துக்கு 24 வருஷம்.

ஜெயிச்சாச்சுன்னு வைங்க, கெஜட்ல வந்தாச்சு. அந்த கெஜட் பக்கத்த நாலஞ்சு காப்பி எடுத்து வைங்க, இனிமேதான் ஓட்டம். அதுல இருக்கற நடைமுறைக்கு வர்ற தேதிய பாருங்க, அந்த தேதிக்கு முன்னாடி எழுதின பத்திரம், சர்ட்டிஃபிகேட் எல்லாம் பழைய பேர்லயே செல்லும், இடம் அதேதான மாறலையே, யாராவது "எல்லாத்தையும் மாத்தி வாங்கணும்"னு பயமுறுத்தினா நம்பாதீங்க. கூடவே எதெல்லாம் தானா மாறாதுன்னும் தெரிஞ்சுக்கங்க. 1991ல லெனின்கிராட் ஓட்டெடுப்பு நடத்தி செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் ஆச்சு, ஆனா அத சுத்தி இருக்கற மாகாணம் இன்னைக்கும் லெனின்கிராட்தான், ஏர்போர்ட் கோடு எல்ஈடி. சைகோன் போய் ஹோ சி மின் சிட்டி வந்தும் டிக்கெட்ல எஸ்ஜிஎன். சென்னை 1996ல சென்னை ஆச்சு, ஹைகோர்ட் இன்னும் மெட்ராஸ் ஹைகோர்ட், ஏர்போர்ட் கோடு எம்ஏஏ. நிறுவனங்களோட பேர் தனி சட்டத்துல, தனி பதிவுல இருக்கும், அதுக்கு தனி மனு, அந்த சண்டைக்கு இப்பவே போகாதீங்க.

மேப் கம்பெனிங்களுக்கு கெஜட் காப்பிய வச்சு திருத்தம் அனுப்புங்க, ஓபன் ஸ்ட்ரீட் மேப்னா நீங்களே எடிட் பண்ணலாம், பண்ணும்போது பழைய பேர அழிக்காதீங்க, பழைய பேருக்குன்னே ஒரு டேக் இருக்கு, அதுல போட்டு வைங்க. பழைய பேர்ல தேடறவன் இன்னும் முப்பது வருஷத்துக்கு இருப்பான், ஆம்புலன்ஸ் டிரைவர் உள்பட.